பின்னால் ஒரு வீடு

பயணத்தில் இரவு விளக்கை அணைத்துப் படுத்த பிறகு கொஞ்ச நேரம் எனக்குத் தூக்கம் வருவதில்லை. பயம் என்று சொல்லிவிட முடியாது. யாராவது வந்து கதவைத் தட்டினால் என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒரு பதில் தன்னால் உருவாகிக்கொண்டிருக்கும். முன்பதிவு செய்து, பணம் கட்டி, இட எண் எழுதிய சீட்டைக் கம்பத்தில் செருகிவிட்டுப் படுத்த இரவுகளிலும் அந்தப் பதில் உருவாகிறது. ஊர் மினியாபொலிஸ் பக்கம், விடுமுறைக்கு வந்திருக்கிறோம், காலையில் கிளம்பிவிடுவோம், இதோ லைசென்ஸ். அமெரிக்காவில் வண்டியையே வீடாக வைத்து வாழ்கிறவர்கள் சந்தித்துக்கொண்டால் முதலில் விசாரிப்பது, எந்த ஊரில் எங்கே நிறுத்தினால் ராத்திரி தட்ட மாட்டார்கள் என்பதைத்தான். என் நிலைமை வேறு. வங்கிக் கடன் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வீடு எனக்கு இருக்கிறது. அதன் பக்கவாட்டில்தான் எங்கள் சின்ன ட்ரெய்லர் வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் நிற்கிறது. ஆனாலும் அந்தப் பதில் வருகிறது. வெளிநாட்டில் குடியேறியவனுக்குள் எப்போதும் இருக்கும் கூச்சம்தான் இது, போலீஸ் வண்டியின் விளக்கு கண்ணாடியில் தெரிந்ததும் உள்ளங்கை வியர்க்கிறதே அதே சமாச்சாரம் என்று ரொம்ப நாள் சமாதானம் சொல்லிவந்தேன். இப்போது அந்தச் சமாதானம் போதவில்லை. தட்டினால் நான் சொல்லப்போகும் பதில் நிச்சயமாகச் செல்லும். உறுத்துவது அந்த நிச்சயம்.

ட்ரெய்லர் என்றதும் பஸ் மாதிரி ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்களுடையது ஸ்கேம்ப் என்ற மினசோட்டா தயாரிப்பு. இழுவைக் கம்பியையும் சேர்த்து 13 அடி. உள்ளே புழங்க 10 அடி நீளம், வெளிப்புற அகலம் 6 அடி 8 அங்குலம். நடுவில் மட்டும் நிமிர்ந்து நிற்கலாம். ஃபைபர் கிளாஸ் ஓடு இரண்டே துண்டு, மேல்பாதியும் கீழ்ப்பாதியும். இடுப்பில் ஒரு பட்டை போட்டு இணைத்திருப்பார்கள். சுவருக்குள் மரச்சட்டம் கிடையாது என்பதால் மழைத்தண்ணீர் இறங்கிச் சுவர் உளுத்துப்போகும் பேச்சில்லை. தரை மட்டும்தான் மரப்பலகை. இந்த வடிவத்தின் மூலம் கனடாவில், வின்னிபெக் நகரத்தில் இருக்கிறது. ரே ஒலெக்கோ என்பவர் ஃபைபர் கிளாஸ் கழிவுநீர்த் தொட்டித் தொழிலில் இருந்தார். தொட்டியை வார்க்கிற மாதிரியே ஒரு வண்டியை வார்த்தால் லேசாக இருக்கும், ஒழுகாது, சின்னக் கார்கூட இழுக்கும் என்று அவருக்குத் தோன்றியது. 1968-இல் போலர் என்ற ட்ரெய்லர் வந்தது. அந்த வழியில்தான் மினசோட்டாவின் பாக்கஸ் என்ற சிற்றூரில் 1970-களின் தொடக்கத்திலிருந்து ஸ்கேம்ப் தயாராகிறது. நாங்கள் வாங்கியது பல கை மாறிய பழைய வண்டி. விற்றவர் எங்களை முதலில் உள்ளே கூப்பிடவில்லை. புல்லில் படுக்கவைத்து அடிப்பாகத்தைக் காட்டினார். இதில் பட்டை ஸ்பிரிங் இல்லை. ஆக்ஸில் குழாய்க்குள் இருக்கும் ரப்பர் தண்டுகள்தான் பாதையின் அடியை வாங்கிக்கொள்கின்றன. இருபது முப்பது வருஷத்தில் ரப்பர் இறுகிப்போகும், அப்புறம் ஆக்ஸிலையே மாற்ற வேண்டியதுதான். டயரிலும் தேய்மானத்தை நம்பக் கூடாது, பக்கவாட்டில் பொறித்திருக்கும் தயாரிப்பு வாரத்தையும் வருஷத்தையும் பார்த்து ஐந்தாறு வருஷத்தில் தூக்கிப்போட்டுவிட வேண்டும் என்றார். நின்ற இடத்திலேயே நின்றாலும் இந்த வண்டிக்கு வயசாகும் என்பதை அவர் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிற குரலில் சொன்னார்.

வாங்கிய பிறகு அதைத் திருத்துகிற வேலை இன்றுவரை ஓயவில்லை. முன்பக்க இருக்கையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பிர்ச் பிளைவுட்டில் ஓர் அலமாரி செய்தோம். இந்த வண்டிகளில் எதையும் சுவரோடு சாய்த்து வைத்துவிட முடியாது. உள்ளே தொங்கும் பரண்கூட ஓட்டைத் துளைத்து அடித்த ரிவெட்டில்தான் நிற்கிறது. ஒவ்வொரு ரிவெட்டும் மழைக்கு ஒரு வாசல். பழைய ரிவெட்டின் தலையை டிரில்லால் சீவி எடுத்து, பிசின்போல இழுபடும் பியூட்டைல் நாடாவைத் துளையைச் சுற்றி அழுத்தி, புதியதை அடிக்க வேண்டும். உள்ளேயிருந்து ஒருவர் பிடிக்க, வெளியேயிருந்து ஒருவர் அடிக்க, நானும் மனைவியும் ஒரு வசந்தகாலம் முழுக்க ஓட்டின் இரண்டு பக்கமும் நின்று பேசிக்கொண்டோம். அவள் குரல் ஃபைபர் கிளாஸ் வழியாகப் பானைக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. சேர்க்கும் எதற்கும் எடை உண்டு. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காரின் ஹிட்ச் குண்டின் மேல் இறங்க வேண்டும்; அதற்குக் குறைந்து பின்பாரம் கூடினால் நெடுஞ்சாலை வேகத்தில் வால் ஆட ஆரம்பிக்கும். ஆட்டம் பிடித்துவிட்டால் நிறுத்துவது சிரமம். அதனால் இரும்பு தோசைக்கல்லுக்கு எந்த இடம், அரிசி டப்பாவுக்கு எந்த இடம், தண்ணீர் நிரம்பிய தொட்டி அச்சுக்கு முன்னால் இருக்கிறதா பின்னாலா என்றெல்லாம் யோசித்தே வைக்க வேண்டியிருக்கிறது. உள்ளே தாளிக்க முடியாது. சுவரில் ஒட்டியிருக்கும் கம்பளம் மாதிரியான துணி கடுகையும் பெருங்காயத்தையும் பிடித்துக்கொண்டால் ஒரு கோடைக்கு விடாது. ஆகவே வெளியில் ஒரு மடிப்பு மேஜை, ப்ரொபேன் அடுப்பு, காற்றை மறைக்க ஒரு தகரம். ஆனால் இட்லி மாவு விஷயத்தில் இந்த வண்டியைப்போல உதவுவது வேறில்லை. மினசோட்டா வீட்டுச் சமையலறையில் மழுப்புகிற மாவு ஜூலை வெயிலில் மூடிக் கிடந்த வண்டிக்குள் பொங்கி நிற்கும். பாதை குலுக்கும் என்பதால் பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது, அவ்வளவுதான். செப்டம்பர் கடைசிக் குளிரில் இருவர் இரவெல்லாம் விடும் மூச்சு ஓட்டின் உட்புறத்தில் நீராகப் படிந்து தலையணைப் பக்கம் இறங்கும். எவ்வளவு குளிர்ந்தாலும் ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்தே ஆக வேண்டும். நம் மூச்சில் இவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை வீட்டில் யாரும் பார்ப்பதில்லை.

இதெல்லாம் எனக்குச் சந்தோஷம் தருகிற காரியங்கள். 45 லிட்டர் தண்ணீரில் இரண்டு பேர் மூன்று நாள் இருக்க முடியும், பாத்திரம் துலக்கிய தண்ணீரை எங்கே விடலாம் எங்கே விடக் கூடாது, கூரையில் இருக்கும் ஒரு சோலார் பலகை மேகமூட்டமான நாளில் எவ்வளவு கொடுக்கும், உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியை ஏன் சார்ஜ் செய்யக் கூடாது என்பதெல்லாம் கைப்பழக்கமாக வந்துவிட்டது. மனுஷனுக்கு இவ்வளவு போதும் என்று இந்தச் சின்ன இடம் கற்றுக்கொடுக்கிறது என நண்பர்களிடம் சொல்லியும் இருக்கிறேன். சொல்லும்போதே ஒரு சந்தேகம் கூட வரும். மிச்சமெல்லாம் வீட்டில் பத்திரமாக இருக்கிறதே. குளிர்கால உடுப்பு, வங்கிக் காகிதம், மருந்துச் சீட்டு, அப்பாவின் படம், துணி துவைக்கும் எந்திரம் எல்லாவற்றையும் ஒரு பெரிய கட்டடம் எனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. அது காப்பதால்தான் இங்கே எனக்குப் போதுகிறது. ஒரு கோடையில் அம்மா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்திருந்தபோது இடாஸ்கா பூங்காவுக்குக் கூட்டிப்போனோம். மிசிசிப்பி ஆறு ஏரியிலிருந்து கிளம்புகிற இடம். அங்கே கற்களின் மேல் கால்வைத்து அந்தப் பெரிய ஆற்றைத் தாண்டிவிடலாம். அம்மா தாண்டினாள், முகம் கழுவினாள், சாப்பிட்டாள். ராத்திரி படுக்கையை விரிக்கும்போது, “வீடு வாசல் இருக்கும்போது துட்டக் குடுத்து வெட்டவெளியில எதுக்குய்யா படுக்கிய?” என்றாள். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். “சும்மா காத்தாடத்தாம்மா” என்று சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் கழித்து இருட்டுக்குள்ளிருந்து, சின்ன வயசில் குளத்தங்கரையில் கூடாரம் அடித்துத் தங்குகிறவர்களைப் பற்றிப் பேசினாள். கூடாரம் விழுந்தால் மறுநாளே தலையாரி வந்துவிடுவார், பிள்ளைகளை அந்தப் பக்கம் விட மாட்டார்கள், ஊரில் ஒரு கோழி காணாமல் போனால் முதலில் அங்கேதான் போவார்கள். “அவுகளும் காத்தாடத்தான் படுத்திருந்தாகளோ என்னமோ” என்றுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

1871-இல் பிரிட்டிஷ் இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. அதில் சிக்கியவர்களில் பலர் ஓரிடத்தில் நில்லாத மக்கள். பெயரைப் பதிந்து, ஆஜர் எடுத்து, ஊர் விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு வாங்க வைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பின் 1952-இல் நாடு முழுக்க அது ஒழிந்தது. அம்மா பார்த்தது சட்டம் போன பிறகும் போகாத சந்தேகத்தை. அந்தச் சட்டம் நடப்பில் இருந்த காலத்தில், அந்தப் பேரரசின் தலைநாட்டில், இன்னொன்று நடந்தது. கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர், கடற்படையில் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர், சிறுவர்களுக்குக் கதை எழுதியவர், 1885-இல் பிரிஸ்டல் வேகன் தொழிற்சாலையில் சொல்லி ‘வாண்டரர்’ என்ற வண்டியைக் கட்டவைத்தார். மஹோகனி மரம், புத்தக அலமாரி, இழுக்க இரண்டு குதிரை, கூடவே ஒரு வண்டிக்காரர், ஒரு வேலைக்காரர். உல்லாசத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் கேரவன் என்று அதைத்தான் சொல்கிறார்கள். ரோமானி மக்களின் வண்டிகளைப் பார்த்து எழுந்த ஆசை அது. அவர் பெர்க்‌ஷயரிலிருந்து இன்வர்னெஸ் வரை போய்வந்து புத்தகம் எழுதினார். அதே ஆண்டுகளில் ஜார்ஜ் ஸ்மித் என்ற சீர்திருத்தவாதி நாடாளுமன்றத்தில் ஒரு மசோதாவுக்காக அலைந்துகொண்டிருந்தார்: நகரும் வசிப்பிடங்கள் எல்லாவற்றையும் பதிவு செய்ய வேண்டும், அதிகாரிகள் உள்ளே நுழைந்து சோதிக்க வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவைக்க வேண்டும். ஸ்மித் கெட்டவர் இல்லை. செங்கல் சூளையில் குழந்தையாக வேலை செய்து வளர்ந்தவர், குழந்தைகளுக்காகத்தான் போராடினார். அவர் மசோதா திரும்பத் திரும்பத் தோற்றது. ஆனாலும் இரண்டு வண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறேன். சக்கரம் ஒன்றுதான், கூரை ஒன்றுதான், அடுப்புப் புகை ஒன்றுதான். ஒன்றைப் பார்க்க ஊர்ப் பெரியவர்கள் ஆசையோடு வருகிறார்கள், இன்னொன்றைப் பார்க்க அதிகாரி வருகிறார். ஸ்டேபிள்ஸுக்கு ஊரில் ஒரு வீடு இருந்தது. இங்கிலாந்தில் 2022-இல் வந்த போலீஸ் சட்டம், அனுமதியில்லாத நிலத்தில் வண்டியோடு தங்கிவிட்டுப் போகச் சொன்னால் போகாதவர்களைக் குற்றவாளியாக்கி, வண்டியையும் பறிமுதல் செய்ய வழிவைத்திருக்கிறது. அதில் சிக்கும் பல குடும்பங்களுக்கு வண்டிதான் ஒரே வீடு.

இப்படி இன்னொரு ஜோடியும் உண்டு. ஏர்ஸ்ட்ரீம் என்ற ட்ரெய்லர் கம்பெனியின் வாலி பையம் 1959-இல் கேப் டவுனிலிருந்து கெய்ரோவுக்கு ஒரு பெரிய ட்ரெய்லர் வரிசையைக் கூட்டிப்போனார். வெள்ளி நிற அலுமினியப் பெட்டிகள் ஆப்பிரிக்கச் சேற்றில் புதைந்து நிற்கும் புகைப்படங்கள் ட்ரெய்லர் பிரியர்கள் எல்லோருக்கும் தெரியும்; என் அலமாரியிலும் ஒன்று ஒட்டியிருந்தது. அந்த வரிசை கிளம்பிய நாட்டில் அன்று கறுப்பர் ஒருவர் பாஸ் புத்தகம் இல்லாமல் நகரத்துக்குள் நடக்க முடியாது. அடுத்த ஆண்டு மார்ச்சில், அந்தப் பாஸ் சட்டத்தை எதிர்த்துத்தான் ஷார்ப்வில்லில் மக்கள் கூடினார்கள். போலீஸ் சுட்டதில் 69 பேர் செத்தார்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் படிக்க நேர்ந்தது. படத்தைக் கிழிக்கவில்லை. கழற்றி ஒரு புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

தட்டல் ஒரு முறை உண்மையாகவே வந்தது. பேட்லண்ட்ஸுக்குப் போகும் வழியில் சவுத் டகோட்டாவில், முகாம் எல்லாம் நிரம்பியிருந்த ஒரு சனிக்கிழமை, ஒரு பெரிய கடையின் நிறுத்துமிடத்து ஓரத்தில் நின்றிருந்தோம். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு மினி வேன். அதன் ஜன்னல்களை உள்ளேயிருந்து வெள்ளித் தாளால் அடைத்திருந்தது, அந்தந்த ஜன்னலின் வடிவத்துக்கு அளவெடுத்து வெட்டிய தாள். அளவைப் பார்த்ததுமே, வழியில் களைத்துப்போய் நிறுத்தியவருடைய வேன் அல்ல இது என்று தெரிந்தது. நள்ளிரவு தாண்டி காவலாளி வந்து எங்கள் கதவை விரல் முட்டியால் மெதுவாகத் தட்டினார். நான் என் பதிலைச் சொன்னேன். விளக்கை லைசென்ஸில் அடித்து ஊர்ப் பெயரைப் பார்த்தார். பேட்லண்ட்ஸில் சூரியன் உதிக்கும்போது பார்க்க வேண்டும் என்றார். அப்புறம் வேன் பக்கம் போனார். அங்கே தட்டல் உள்ளங்கையால் விழுந்தது. உள்ளேயிருந்து வந்தவர் எழுபதை நெருங்கும் ஒரு பெண்மணி. வெளியே போகப் போடுகிற செருப்பு வாசலிலேயே கிடந்தது. கால் தானாக அதற்குள் போனது. ஒரு வார்த்தையும் வாதாடவில்லை. முன்கண்ணாடித் தாளை மூன்றாக மடித்து இருக்கைக்குப் பின்னால் செருகினார், தண்ணீர்க் கிண்ணத்தை நாய்க்கு ஒரு மடக்கு காட்டிவிட்டு மிச்சத்தைச் செடிக்கு ஊற்றினார், வண்டியை எடுத்துவிட்டார். எல்லாம் சேர்த்து ஓர் அடுப்பு பற்றவைக்கிற நேரம். இரவில் வாகனம் நிறுத்தக் கூடாது என்ற பலகை எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது; அதில் எழுதியிருந்தது எங்கள் இருவருக்கும் பொது.

அந்தப் பலகையைப் பற்றி நினைத்துத்தான் சட்டம் படிக்கத் தொடங்கினேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் இந்தப் பத்தடிப் பெட்டியைச் சட்டம் என்னவென்று நினைக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. படிக்கப் படிக்க, அதற்கு ஒரே எண்ணம் இல்லை என்று தெரிந்தது. வருமான வரித் துறைக்கு, தூங்கவும் சமைக்கவும் கழிக்கவும் வசதி இருந்தால் ட்ரெய்லரும் வீடுதான். முதல் வீடாகவோ இரண்டாம் வீடாகவோ காட்டி அதன் மேல் வாங்கிய கடனுக்கான வட்டியைக் கழித்துக்கொள்ளலாம். 1985-இல் கலிஃபோர்னியா எதிர் கார்னி வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறு விதமாகப் பார்த்தது. சான் டியேகோவில் ஒரு நிறுத்துமிடத்தில் நின்ற மோட்டார் ஹோமுக்குள் அதிகாரிகள் வாரண்ட் இல்லாமல் நுழைந்தது சரியா என்பது கேள்வி. அது சட்டென்று நகரக்கூடியது, வாகனம் என்றே கொள்ளலாம், நுழைந்தது சரி என்று 6–3 கணக்கில் தீர்ப்பு. சக்கரத்தைத் தூக்கிக் கட்டையில் நிறுத்தி, தண்ணீர் குழாயும் மின்சாரமும் இணைத்திருந்தால் என்ன என்ற கேள்வியை அப்படியே விட்டுவிட்டார்கள். ஆக, கடன் வாங்கியவருக்கு அது வீடு, உள்ளே தூங்குகிறவருக்கு அது வாகனம். 2024 ஜூனில் ஆரிகன் மாநிலத்து கிராண்ட்ஸ் பாஸ் நகரத்தின் வழக்கு அதே நீதிமன்றத்தில் வந்தது. பொது இடத்தில் போர்வை விரித்துத் தூங்குவதற்கு அபராதம் போடலாம், அது கொடுந்தண்டனை ஆகாது என்று மறுபடி 6–3. அந்தச் சட்டம் வீடில்லாதவர், விடுமுறையில் முதுகுப்பையோடு திரிகிறவர், புல்வெளியில் போராட்டம் நடத்தும் மாணவர் என்று யாரையும் பிரித்துப் பார்க்கவில்லை, எல்லோருக்கும் ஒன்றுதான் என்பது பெரும்பான்மைத் தீர்ப்பின் வாதங்களில் ஒன்று. அதைப் படித்தபோது எனக்குச் சவுத் டகோட்டாவின் அந்தப் பலகைதான் கண்முன் நின்றது. மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய நீதிபதி சோட்டோமேயர், தூக்கம் உடம்பின் தேவை, குற்றமல்ல என்ற இடத்திலிருந்து தொடங்குகிறார். நான் அவர் பக்கம்.

காட்டு நிலங்களிலும் விதி பொதுவானதுதான். மேற்கே நில மேலாண்மைத் துறையின் பொது நிலத்தில் பெரும்பாலும் 14 நாள் இலவசமாகத் தங்கலாம், பிறகு பல மைல் தள்ளிப் போய்விட வேண்டும். விடுமுறைக்காரனான எனக்கு இந்த விதி இருப்பதே தெரிவதில்லை. நான் அதற்குள் அலுவலகத்துக்குத் திரும்பிவிடுகிறேன். அங்கேயே வாழ்கிறவருக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பெட்ரோல் செலவு, டயர் தேய்மானம், புது இடத்தில் தண்ணீர் தேடுவது, புது இடத்தில் கழிவு கொட்டும் நிலையம் தேடுவது. நோமாட்லேண்ட் படத்தைப் பார்த்தவர்களுக்கு லிண்டா மேயை நினைவிருக்கும். அந்தப் படத்துக்கு மூலமான, ஜெசிக்கா புரூடர் 2017-இல் எழுதிய புத்தகத்தின் நடுநாயகம் அவர். அறுபது வயசைத் தாண்டி, கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோ மலைக்காட்டில் முகாம் காவலராகக் கழிப்பறை கழுவிக்கொண்டு, உள்ளே பத்தடி நீளமுள்ள ஃபைபர் கிளாஸ் ட்ரெய்லரில் இருந்தார். எங்களுடையதைப்போலவே அதே உள்நீளம், அதே ஃபைபர் கிளாஸ் ஓடு. புத்தகத்தில் அவர் வண்டியின் உள் அடுக்குகளைப் பற்றி வரும் பக்கங்களை நான் ஒரு சக வேலைக்காரனாகப் படித்தேன். எங்கே எதை மாட்டியிருக்கிறார், எதை எதற்கு அடியில் தள்ளியிருக்கிறார் என்று. பிறகுதான் நான் எதைப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. வண்டியே வீடானாலும் அதைப் பதிவு செய்யவும் இன்சூரன்ஸ் எடுக்கவும் ஓட்டுப் போடவும் ஒரு தெரு முகவரி வேண்டும். டெக்சஸின் லிவிங்ஸ்டன் என்ற ஊரில் எஸ்கேப்பீஸ் என்ற சங்கம் இருக்கிறது. 1978-இல் ஒரு தம்பதி தொடங்கியது. சாலையிலேயே வாழ்கிற ஆயிரக்கணக்கானவர்களுக்கு அந்த ஊர்தான் முகவரி. கடிதங்களை வாங்கி, அவர்கள் இருக்கும் ஊருக்கு அனுப்பிவைக்கிறார்கள். கட்டணம் கட்டினால் முகவரி கிடைக்கிறது என்பது எனக்கு முதலில் விநோதமாகப் பட்டது. என் வீட்டுக் கடனில் மாதாமாதம் நான் வாங்குவதிலும் ஒரு பங்கு அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

எதிர்ப்பக்கத்தின் பேச்சையும் நான் ஒதுக்கிவிடவில்லை. என் சொந்தத் தெருவில் ஒரு பழைய மோட்டார் ஹோம் வாரக்கணக்கில் நின்றபோது பக்கத்து வீட்டார் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை: சாக்கடையில் கழிவை இறக்கினார்கள், ஜெனரேட்டர் இரவெல்லாம் ஓடியது, பிள்ளைகள் அந்தப் பக்கம் சைக்கிள் விடப் பயந்தார்கள். ஆனால் எங்கள் வண்டியின் கழிவையும் எங்கோ கொட்டித்தானே வருகிறோம். முகாமில் சிமென்ட் தளத்து நடுவில் ஒரு மூடி இருக்கும், திறந்து குழாயைச் செருகலாம், கழுவ இன்னொரு குழாயும் தருவார்கள். முகாமுக்குக் கட்டணம் கட்டினால் அது கிடைக்கும். நகரத்தில் அது எங்கே இருக்கிறது என்று பக்கத்து வீட்டாருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கொட்ட இடம் கொடுக்காத ஊர், கொட்டினார்கள் என்று புகார் எழுதியது. வண்டி ஒரு காலையில் இல்லை. தெருவில் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கும்தான்.

கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் 2004 முதல் ஓர் ஏற்பாடு நடக்கிறது. தேவாலயங்கள், அரசு அலுவலகங்கள், தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றின் நிறுத்துமிடங்கள் இரவில் காலியாகத்தானே கிடக்கின்றன. வண்டியில் வாழ்கிறவர்களுக்கு அவற்றைத் திறந்துவிடுவது. ஓரிடத்துக்குச் சில வண்டிகள் மட்டும், முன்கூட்டியே பெயர் கொடுத்தவர்கள் மட்டும். சாயங்காலம் வந்து காலையில் போய்விட வேண்டும். ஒரு நடமாடும் கழிப்பறை. வெளியே கூடாரம் அடிக்கக் கூடாது. பார்த்துக்கொள்ள ஓர் ஆள், வீடு தேட உதவ இன்னோர் ஆள். வேறு பல நகரங்களும் இதைப் பார்த்துத் தொடங்கியிருக்கின்றன. இது வீட்டுக்கு ஈடாகாது. ஆனால் அந்த இரவு யாரும் தட்ட மாட்டார்கள்.

நம் சத்திரங்களைப் பற்றி இந்த இடத்தில் பெருமை பேச எனக்கு மனம் வரவில்லை. அவற்றில் பலவும் சாதி பார்த்துத்தான் சோறும் இடமும் கொடுத்தன. ஆனால் வழியில் போகிறவனுக்குப் படுக்க ஓர் இடம் வேண்டும், அதைக் கொடுப்பது ஊரின் பொறுப்பு என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல. இந்த நாட்டில் நாம் பெரிய கோயில்களைக் கட்டியிருக்கிறோம், தமிழ்ச் சங்கங்களும் பள்ளிகளும் நடத்துகிறோம். கோபுரத்தைவிடப் பெரிய பரப்பு வண்டி நிறுத்துமிடமாகத்தான் இருக்கிறது. நகராட்சி விதிக்காக அவ்வளவு பெரிதாகப் போடவேண்டியிருந்தது. திருவிழாவுக்கும் சனி ஞாயிறுக்கும் நிரம்பும். மற்ற இரவுகளில் விளக்கெரிகிற வெறும் தார்த்தரை. இன்சூரன்ஸ் கேள்வி வரும், நகராட்சி அனுமதி வாங்க வேண்டியிருக்கும், பக்தர்கள் பயப்படுவார்கள், கழிப்பறை யார் சுத்தம் செய்வது என்று கூட்டத்தில் சண்டை வரும். எல்லாம் வரட்டும், இவற்றுக்கெல்லாம் மற்ற ஊர்களில் பதில் கண்டுபிடித்திருக்கிறார்கள். நிர்வாகக் குழுக்களில் இருக்கும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள்: அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாக வையுங்கள். ஐந்து வண்டிக்கு இடம் போதும், தொடங்குவதற்கு. எங்கள் கோயிலில் நான் மனு கொடுத்திருக்கிறேன்.